சாவிக்கொத்தைப் பிடுங்கும் கணவன்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. வாசகர் வட்டத்தில் அடுத்த நாவல் ஆன் பிராண்டியின் ‘தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’ என்று எழுதியிருந்தாய். நல்ல தேர்வு. அவருடைய அக்காக்கள் சார்லட், எமிலியைப் பற்றியே பேசிப் பேசி உங்களுக்கும் அலுத்திருக்கும்.

வாங்கும்முன் முதல் பக்கத்தைப் பார். 1848-இல் மூன்று தொகுதிகளாக வந்த நாவலை, 1854-இல் ஒரே தொகுதியாகப் போட்டவர்கள் தொடக்கக் கடிதத்தையும் அத்தியாயத் தலைப்புகளையும் வெட்டிவிட்டார்கள். உள்ளேயும் அங்கங்கே கத்தரி விழுந்திருக்கிறது. பிற்கால மலிவுப் பதிப்புகள் பல அதையே நகலெடுத்தவை. ஹால்ஃபோர்டுக்கு, கதையைச் சொல்லும் கில்பர்ட் எழுதும் கடிதம் இல்லாமல் கதை நேரே 1827 இலையுதிர்காலத்தில் தொடங்கினால் அந்தப் பிரதி வேண்டாம். ஒரு பெண்ணின் நாட்குறிப்பை ஓர் ஆண் தன் தங்கை கணவனுக்குப் படியெடுத்து அனுப்புகிறான் என்பதுதான் நாவலின் அமைப்பு. விவாதத்துக்கு நல்ல தீனி அது.

அன்றைய இங்கிலாந்துச் சட்டம் தெரியாமல் படித்தால், அந்த நாட்குறிப்பை எழுதிய ஹெலன் வெறும் பொறுமைசாலியாகத் தெரிவாள். அவள் படம் வரைந்து விற்கும் காசு சட்டப்படி கணவன் ஹன்டிங்டனுடையது. மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கே என்று ஆனது 1870-இல். பிள்ளையும் தகப்பனுக்குத்தான். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கேட்டுத் தாய் நீதிமன்றம் போக வழிவிட்ட சட்டம் 1839-இல் வந்தது. நாவல் வெளியான ஆண்டை வைத்து, ‘ஏன் வழக்குப் போடவில்லை?’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கதை நடப்பது 1820-களில் என்று எடுத்துக்காட்டு. விவாகரத்தோ, 1857 வரை நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போட வைக்கும் அளவுக்குப் பணம் உள்ளவர்களுக்கு மட்டும்.

கணவனுக்கு எதிராக அவள் படுக்கையறைக் கதவை அடைப்பதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு 40-ஆம் அத்தியாயமே பெரிது. அவன் நாட்குறிப்பைப் பறித்துப் படிக்கிறான், சாவிகளை வாங்கிக்கொள்கிறான், தூரிகை, வண்ணம், வார்னிஷ் எல்லாவற்றையும் கணப்பில் போடுகிறான். டர்பன்டைன் பட்டு நெருப்பு சீறி எழுகிறது. பணமும் நகையும்கூட அவன் கைக்குப் போகின்றன. அடி உதை எதுவும் இல்லை. எதுவும் சட்டவிரோதமும் இல்லை! அவளுடைய பிழைப்புக் கருவியைத் தேடி அழிக்கிறான், அவ்வளவுதான். அதனால்தான் தப்பித்த பிறகு, தான் ஒளிந்திருக்கும் வீடான வைல்ட்ஃபெல் ஹாலை வரைந்துவிட்டு அதற்கு வேறு ஊர்ப் பெயர் எழுதி, ஓரத்தில் பொய்யான முதலெழுத்துகளைப் போடுகிறாள்.

47-ஆம் அத்தியாயத்தை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். சாகக் கிடக்கும் கணவனைப் பார்த்துக்கொள்ளத் திரும்பியவளைத் தியாகி என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் மகனைக் கண்ணில் காட்டும் முன், பணிப்பெண் ரேச்சலைச் சாட்சியாக வைத்து, பிள்ளை தன் பொறுப்பில்தான் என்று கணவனிடம் எழுதிக் கையெழுத்து வாங்குகிறாள். பணிவிடை ஒரு பக்கம், பத்திரம் ஒரு பக்கம்.

கில்பர்ட்டை நல்லவன் என்று யாராவது கொண்டாடினால், 14-ஆம் அத்தியாயத்தில் ஹெலனின் சகோதரன் லாரன்ஸின் மண்டையில் அவன் சாட்டைக் கைப்பிடியால் அடிப்பதைப் படித்துக் காட்டு. இப்படிப்பட்டவனுக்கு ஏன் அவளை மறுமணம் செய்துவைத்தார் ஆன் என்பதில் எனக்கு இன்னும் சமாதானம் இல்லை. உங்கள் வட்டம் என்ன சொல்கிறது என்று எழுது.

அன்புடன்,
சுகந்தி