'திரும்பிருவோம்' என்று சொல்கிறவருக்கும் முழுக்கூலி கொடுங்கள்: மதுரை வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதுரை வனக்கோட்ட அலுவலர்களுக்கு வணக்கம்.

நான் பாலமேட்டுப் பக்கத்துக்காரன். சாத்தையாறு அணையில் தண்ணீர் நின்றால் எங்கள் வீட்டில் நெல்லு. நிற்காத வருஷம் பிழைப்புக்கு வேறு வழி. அப்படி வேறு வழி தேடிப் போனதில் ஜப்பானில், நாகோயா பக்கம் ஒரு தொழிற்சாலையில் நாலு வருஷம் ஓடிவிட்டது. அங்கே ஒரு தீவில் பார்த்ததைச் சொல்லி, நம்ம சிறுமலையிலிருந்து இறங்கும் குட்லாடம்பட்டி அருவிக்கு ஆட்களைக் கூட்டிப் போகிற வழிகாட்டிகளுக்காக உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல்.

இரியோமோத்தே என்று அந்தத் தீவுக்குப் பெயர். ஜப்பானின் தெற்குக் கோடி, ஒகினாவா மாகாணம். விமான நிலையம் கிடையாது. இஷிகாகி தீவில் இறங்கி முக்கால் மணி நேரம் படகில் போக வேண்டும், கடல் சீறினால் படகும் இல்லை. தீவில் பத்தில் ஒன்பது பங்கு காடு. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு காட்டுப்பூனை அங்கே நூறு போல இருக்கிறது. 2021-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். அங்கே பினாய்சாரா என்றொரு அருவி, 55 மீட்டர் உயரம், ஒகினாவாவிலேயே உயரமானது. ஊர்ப் பேச்சில் 'பினாய்' என்றால் தாடியாம். தூரத்தில் இருந்து பார்த்தால் கிழவனார் ஒருவர் வெள்ளைத் தாடியை மலைமேலிருந்து தொங்கவிட்டதுபோலத்தான் இருக்கும்.

அதைப் பார்க்க ஐந்து பேர் போனோம். நான், எங்கள் கம்பெனிப் பெரியவரும் அவர் மனைவியும், ஒசாகாவில் படிக்கும் இரண்டு பெண்கள். கூட்டிப் போனவர் ஐம்பது வயதுக்கு மேலான ஒரு அம்மா. கடல் ஏற்றம் பார்த்துத் துடுப்புப் படகில் அலையாத்திக் காட்டுக்குள் ஏற்றினார். படகைக் கட்டிவிட்டு இறங்கியதும், ஆற்றோரப் பாறை ஒன்றில், தண்ணீருக்கு இரண்டு விரல் மேலே, பாக்கு அளவு கல் ஒன்றை எடுத்து வைத்தார். ஏதோ சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். நம்ம ஊர்ப் புத்தி.

அங்கிருந்து பலகை பலகையாக வேர் விட்ட மரங்களுக்கு நடுவே, ஆற்றுக்குள்ளும் கரையிலுமாக நடை. முந்தின இரவு மழை. காலையில் நல்ல வெயில். பாதி தூரத்தில் ஒரு இடத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும். முழங்கால் ஆழம்தான். அந்த அம்மா நின்றார். தண்ணீரில் மிதந்து வருகிற சருகையே கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னொரு கல்லை ஓரத்தில் வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் உட்காரச் சொன்னார். கல் நனைந்தது. அப்புறம் மூழ்கியது. "மொதோரிமாஷோ" என்றார். திரும்பலாம்.

அருவிச் சத்தம் காதில் விழுகிற தூரம். பணம் முன்கூட்டியே கட்டியாயிற்று. நான்தான் முனகினேன், மற்ற நாலு பேரும் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். படகடிக்கு வந்ததும் அந்த அம்மா சின்ன அடுப்பைப் பற்றவைத்து, அருவியடியில் தருவதற்காகச் சுமந்துவந்த நூடுல்ஸை அங்கேயே சூடாகப் பரிமாறினார். முதலில் வைத்த கல்லைத் தேடினேன், காணோம்.

அன்றைக்கு வெள்ளம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. சாயங்காலம் ஆறு பழையபடி இறங்கிவிட்டது. ஆனால் அந்த அம்மாவிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. கூலியில் ஒரு யென் குறையவில்லை. 2025 மார்ச்சில் இருந்து அந்த அருவிப் பகுதிக்கு ஒரு நாளைக்கு 200 பேர்தான், அதுவும் பதிவு பெற்ற வழிகாட்டியோடுதான் என்று விதியே வந்துவிட்டது. அந்த விதியை விட எனக்குப் பெரிதாகப் பட்டது, திரும்பச் சொன்ன ஆளிடம் யாரும் முகம் சுளிக்காததுதான்.

இனி நம்ம கதை. போன கார்த்திகையில் தனியார் ஏற்பாட்டாளர் ஒருவர் மூலம் ஒரு மலையோடைக்குப் போனோம். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். கூட வந்த மலைக்காரர் ஓடையைப் பார்த்ததும், "தண்ணி நெறம் சரியில்லைங்க, செத்தை வருது, திரும்பிருவோம்" என்றார். அச்சு அசலாக அந்த ஜப்பான் அம்மா பார்த்த அதே விஷயம். ஏற்பாட்டாளர் எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னார்: "அருவியக் காட்டுனாத்தான்ணே காசு." அந்த மனுஷர் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார். பின்னாலேயே நாங்களும். என் அக்கா மகன் பாசிப் பாறையில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. இதில் கொடுமை, கடைசியில் "வழி காட்டுனவன் சரியில்லை" என்று பழி அவர் தலையில் விழுந்ததுதான். நானும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வேனில் ஏறினேன். அந்தக் குறுகுறுப்புத்தான் இப்போது எழுத வைக்கிறது.

ஐயா, மலைத் தண்ணீர் சொல்லிவிட்டு வருவதில்லை. 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் நடந்ததை நாம் எல்லாரும் செல்போனில் பார்த்தோம். குளித்துக்கொண்டிருந்த கூட்டம் கண்மூடித் திறப்பதற்குள் சிதறி ஓடியது. 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். மேலே மலையில் மழை, கீழே வெள்ளம். குட்லாடம்பட்டிக்கும் அதே கணக்குத்தான். சிறுமலை ஊர் இருப்பது திண்டுக்கல் மாவட்டம். அருவி விழுவது மதுரை மாவட்டம். மேலே கொட்டுகிற மழை உங்கள் அலுவலக எல்லையைப் பார்த்தா இறங்கும்? "சிறுமலை கறுத்துருச்சுன்னா ஓடைக்குள்ள மாட்டை விடாதே" என்று எங்கள் அப்பத்தா சொல்லும். அப்பத்தாவுக்கு எந்த மாவட்டமும் தெரியாது.

2018-இல் கஜா புயல் மழையில் அந்த அருவிப் படிகள் பட்ட பாட்டையும் நீங்கள் அறிவீர்கள். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில், 14 மாவட்டங்களின் 40 பாதைகளில் ஒன்றாகக் குட்லாடம்பட்டித் தாடகைப் பாதையும் சேர்ந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். மலையடிவாரத்துப் பிள்ளைகள் வழிகாட்டிகளாக வருவது சரியான காரியம். குரங்கணிக் காட்டுத் தீயில், மலையேறப் போன 23 பேரின் உயிரைக் கொடுத்த பிறகாவது இப்படி ஒரு ஒழுங்கு வந்ததே.

அதனால் கேட்பது இதுதான். பாதி வழியில் வழிகாட்டி திரும்பச் சொன்னால், அன்றைய முழுக்கூலியும் அவருக்குக் கிடைக்கும் என்பதை எழுத்தில் போடுங்கள். ஏன் திரும்பினாய் என்று விளக்கக் கடிதம் வாங்காதீர்கள். வாங்கினால் அடுத்த தடவை அவர் திரும்ப மாட்டார். வந்தவர்களுக்குப் பணம் திருப்புவதா, வேறு தேதி தருவதா என்பது உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டால் வேறு தேதி. ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே, "தண்ணீர் பார்த்து வழிகாட்டி திரும்பச் சொன்னால் திரும்ப வேண்டும்" என்ற வரி கொட்டை எழுத்தில் இருக்கட்டும். கீழே பொடி எழுத்தில் போட்டால் மதுரைக்காரன் படிக்க மாட்டான், நானே படிக்க மாட்டேன்.

இன்னொன்று. மழைக்காலத்தில் சிறுமலையில் இருக்கிற ஒருவரும் குட்லாடம்பட்டியில் நிற்கிற ஒருவரும் காலையிலும் மத்தியானத்திலும் பேசிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். திண்டுக்கல் கோட்டத்துக்கு ஒரு கடிதம், இரண்டு போன் நம்பர், அவ்வளவுதான் செலவு. "இங்க ஊத்துதுப்பா" என்ற ஒரு வார்த்தை கீழே வந்து சேர்ந்தால் போதும்.

வருகிற ஐப்பசி மழை கழிந்ததும் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு குட்லாடம்பட்டிக்கு வருகிறேன். கை தேறிவிட்டது, பயல்தான் இன்னும் ஓடை என்றால் யோசிக்கிறான். வழிகாட்டித் தம்பி பாதியில் திரும்பச் சொன்னால், வாடிப்பட்டியில் இறங்கி ஆளுக்கு நாலு புரோட்டா சாப்பிட்டுவிட்டு வீடு போய்ச் சேருவோம். அந்தத் தம்பிக்கும் சேர்த்து நானே காசு கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பாலமேட்டுப் பக்கத்துச் சம்சாரி ஒருவன்