மூடும் முன் நெய்வேலிச் சுரங்கத்தின் மண்ணடுக்குகளைப் பதிவு செய்யுங்கள்

இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கடலூர் மாவட்டத்தின் கிழக்கே நடந்தால் காலில் படுவது கடல்மணலும் ஆற்று வண்டலும்தான். மேற்கே பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் செழிக்கும் செம்மண். அந்தச் செம்மண்ணுக்குக் கீழே கிடக்கும் கடலூர் மணற்கல்லை இவ்வளவு ஆழத்துக்கு வெட்டிக் காட்டுவது நெய்வேலிச் சுரங்கம்தான்.

மேலே செம்பூரான் படிவம், அதன்கீழ் மணலும் வெண்களியும் மாறி மாறி, ஐம்பது முதல் நூறு மீட்டர் ஆழத்தில் பழுப்பு நிலக்கரி. அதற்கும் அடியில், அழுத்தத்தோடு நீர் தேங்கி நிற்கும் மணல். இரவு பகலாக நீரை இறைக்காவிட்டால் அந்த அழுத்தம் சுரங்கத் தரையையே பிளந்துவிடும். சுற்றுவட்டாரத்தில் ஒரு காலத்தில் மோட்டார் இல்லாமலே பொங்கிய கிணறுகளுக்கும் இந்த நீர்தான் ஆதாரம்.

இந்த நிலக்கரி மயோசின் காலத்தது, அதாவது சுமார் 2.3 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தது என்பார்கள். அதைவிடப் பழையது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. வழக்கு தீராதபோதே சாட்சி புதைகிறது. சுரங்கம் முன்னேற முன்னேற, தோண்டிய குழியை மேல்மண் கொட்டி நிரப்பிவிடுகிறார்கள்.

இதே கடலூர் மணற்கல்லில் கல்லாக மாறிக் கிடந்த விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரங்களைத் தேசியப் புவியியல் சின்னமாகக் காத்து வருபவர்கள் நீங்கள். வெட்டுமுகத்தை அப்படியே நிறுத்தி வைப்பது கடினம், இளகிய மணல் மழைக்குச் சரியும் என்பது எனக்கும் தெரியும். அதனால் அதைக் கேட்கவில்லை. வெட்டுமுகத்தில் பிசின் பூசித் துணியை ஒட்டி, காய்ந்தபின் உரித்தால், மணலும் களியும் அடுக்கு மாறாமல் துணியோடு வந்துவிடும். மேலிருந்து அடிவரை அப்படி ஒரு வரிசை எடுங்கள். துளையிட்டு எடுத்த பாறை மாதிரிகளையும் அவற்றின் ஆழக் குறிப்புகளையும் அதோடு சேர்த்து, கடலூரிலோ விருத்தாசலத்திலோ ஓர் அரசுக் கல்லூரியில் பொதுமக்கள் பார்க்க வையுங்கள். நிலத்தடி நீர்மட்டப் பதிவுகளும் அங்கே இருக்கட்டும்.

நிலத்தைக் கொடுத்துவிட்டு இடம்பெயர்ந்த ஊர்கள் இங்கே பல. தங்கள் பாட்டன் உழுத வயலுக்கு அடியில் என்ன இருந்தது என்று பார்க்க அந்தப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. எனக்கு இதுதான் முதல் காரணம், ஆராய்ச்சியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் பிசின் காயாது. மாசி முதல் வைகாசி வரை உகந்த மாதங்கள். சுரங்க நிர்வாகத்திடம் இப்போதே அனுமதி பெற்று, வரும் கோடைக்கே ஒரு குழுவை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கடலூர் மாவட்டத்துக்காரன் ஒருவன்