சூரையின் சொந்தக்காரர்கள்

அன்பு மகள் ஜெனிக்கு,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. மரபணு வரிசைகளை ஒப்பிட்டு மீன்களின் குடும்ப மரம் வரையும் குழுவில் உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்ற செய்தியை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். "திரையில் எழுத்தும் எண்ணும்தான் ஓடுதுப்பா, மீன் எங்கேன்னே தெரியலை" என்று கடைசியில் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம். உன் கணினிக்குள் இருக்கும் மீன்களில் பாதி நம் தூத்துக்குடி வீட்டுச் சட்டியில் வெந்தவை. நீ அவற்றை அறிவாய்.

வாவலிலிருந்து தொடங்குகிறேன். வெள்ளை வாவலும் கறுப்பு வாவலும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. தட்டையான அகன்ற உடம்பு, சின்ன வாய். பழைய அறிஞர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. 1788-ல் வெள்ளை வாவலுக்கு யூஃப்ராசன் பெயர் வைத்தார், 1795-ல் கறுப்புக்கு பிளாக் வைத்தார். இருவரும் கொடுத்த பேரினம் ஒன்றே, ஸ்ட்ரோமேட்டியஸ். ஆனால் கறுப்பு வாவலின் வாலடியை விரலால் தடவிப் பார். கெட்டியான தகடுகள் வரிசையாகத் தட்டுப்படும், பாறை மீனுக்கு இருப்பது போலவே. அது பாறைக் குடும்பத்து மீன். வெள்ளை வாவலுக்கு அந்தத் தகடு கிடையாது. அதன் செவுளைத் தாண்டி உள்ளே பார்த்தால் தொண்டையில் பல் முளைத்த ஒரு பை இருக்கும். சொறி (ஜெல்லி மீன்) போன்ற கொழகொழப்பான இரையைத் தின்னும் கூட்டத்தின் அடையாளம் அது.

அப்படியானால் வெள்ளை வாவலுக்கு யார் சொந்தம்? சூரை. இதை முதலில் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். 2013-ல் ஜப்பானில் சிபா அருங்காட்சியகத்தின் மசாகி மியாவும் அவருடன் உழைத்தவர்களும் மரபணுக்களை ஒப்பிட்டு, ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவை போலத் தெரியும் 15 குடும்பங்களை ஒரே கிளையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். சூரை, அயிலை, சீலா (வஞ்சிரம்) ஒரு குடும்பம். வாள் போல நீண்ட சாவாளை இன்னொன்று. வெள்ளை வாவல் வேறொன்று. தன்னைவிடப் பெரிய மீனையே விழுங்கிவிடும் ஆழ்கடல் கருமீன்களும் இதே கூட்டத்தில்தான். இந்தக் கிளைக்கு இப்போது பெலாஜியாரியா என்று பெயர். இதற்கு மிக நெருங்கிய கிளையில் யார் இருக்கிறார்கள் தெரியுமா? மன்னார் வளைகுடாவில் பாசிக்குள் வால் சுற்றி நிற்கும் கடல்குதிரையும், நாம் வறுத்துத் தின்னும் நவரையும்.

66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த அதே சமயத்தில், திறந்த கடலில் வேட்டையாடிய பெரிய எலும்பு மீன்கள் பலவும் அழிந்தன. காலியான அந்தக் கடலுக்குள் ஆழத்திலிருந்து வந்த ஒரு மூதாதையின் பிள்ளைகள் வேகமாகப் பரவிப் பல உருவங்கள் எடுத்தார்கள் என்பது மியா குழுவின் கருத்து. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

இனி, முதுகில் பாய் விரித்தது போன்ற துடுப்புள்ள மயில்மீன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. பிறை போன்ற வால், வாலடியில் மேடு, நீரைக் கிழிக்கும் உடம்பு எல்லாம் சூரையைப் போலவே. அதனால் மயில்மீனையும் வாள்மீனையும் சூரைக் கூட்டத்திலேயே சேர்த்து வைத்திருந்தார்கள். 1962 ஜனவரியில் நம் மண்டபத்தில் இந்தக் கூட்டத்துக்கென்றே ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. அதன் தொகுதிகள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. 1986-ல் மீன் ஆய்வாளர் டேவிட் ஜான்சன் எலும்புகளை நுணுக்கமாக ஆராய்ந்து, மயில்மீன் வகையைச் சூரைக் குடும்பத்துக்கு உள்ளேயே கொண்டுவந்தார். பிறகு மரபணுக்கள் வந்து அதைப் பிரித்தன. 2010-ல் கனடாவிலிருந்து லிட்டில், லோகீட், மோய்ஸ் என்ற மூவர் மயில்மீன் வகைக்கு நெருக்கம் நாக்கு மீன்களோடு என்று காட்டினார்கள். பாறை, ஊளி, காலா, கொடுவா, கடல்விரால், மணலில் ஒருக்களித்துக் கிடக்கும் நாக்கு மீன், அலைமேல் துள்ளும் மயில்மீன், எல்லாம் ஒரு கிளை. சூரை அந்தக் கிளையே இல்லை.

ஆனால் ஜெனி, உடம்பு அதை மறைத்து வைக்கவில்லை. மயில்மீனின் முதுகெலும்பில் 24 கண்ணிகள். பாறை மீன்களிலும் பெரும்பாலும் 24. சூரைக் குடும்பத்தில் எதை எடுத்தாலும் 31-க்குக் குறையாது. உடல் சூட்டையும் பார். சூரை தன் உடம்பின் சிவப்புத் தசையில் பிறக்கும் வெப்பத்தை, எதிரெதிராக ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்ப் பின்னலில் பிடித்து வைத்துக்கொள்கிறது. மயில்மீனும் வாள்மீனும் உடம்பைச் சூடாக்குவதில்லை. கண்ணை அசைக்கும் ஒரு தசை அவற்றில் சுருங்கும் வேலையை விட்டுவிட்டு வெப்பம் மட்டும் தருகிறது. கண்ணும் மூளையும் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். இருண்ட குளிர்ந்த ஆழத்தில் ஓடும் இரையைப் பார்க்க அது போதும். இரண்டும் ஒரே தேவைக்குத் தனித்தனியே கண்ட வழிகள். திறந்த கடலில் ஒளிய இடமில்லை, ஓடத்தான் வேண்டும். ஓடுகிற உடம்புக்கு நீர் அனுமதிக்கும் வடிவங்கள் கொஞ்சம்தான். அதனால் அங்கே வெளித்தோற்றத்தை நம்பி உறவு சொல்வது ஆபத்து. முள்ளும் தசையும் அப்படி ஏமாற்றுவது குறைவு.

உன் வேலைக்கு நேராக வருகிற மீன் எருமை நாக்கு. மற்ற நாக்கு மீன்களில் ஒரு கண் முழுவதும் அடுத்த பக்கம் போய்விடும். எருமை நாக்கில் அது தலையின் மேல்விளிம்பிலேயே நின்றுவிடும். முதுகுத் துடுப்பில் உண்மையான முட்கள் உண்டு. இடக்கண் மீனும் வலக்கண் மீனும் ஏறக்குறையச் சம அளவில் கிடைக்கும். சில மரபணு ஆய்வுகள் இது மற்ற நாக்கு மீன்களின் உறவே இல்லை, கண் இடம்பெயர்வது இரண்டு முறை தனித்தனியே நடந்தது என்கின்றன. வேறு சில, ஒரே முறைதான் என்கின்றன. இந்தச் சண்டைக்குக் காரணம் உனக்கு என்னைவிட நன்றாகப் புரியும். கிளைகள் மிகக் குறுகிய காலத்தில் பிரிந்தன, மரபணுவின் நான்கு எழுத்துகளின் விகிதமும் மீனுக்கு மீன் மாறுகிறது. எந்தக் கணக்கு முறையைப் போடுகிறாய் என்பதைப் பொறுத்து மரம் மாறும்.

நான் ஒரே முறை என்ற பக்கம்தான். 2008-ல் புதைபடிவ ஆய்வாளர் மாட் ஃபிரீட்மன், இத்தாலியின் போல்காப் பகுதியில் கிடைத்த சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவங்களில், கண் பாதி வழி மட்டுமே நகர்ந்த மீன்களைக் காட்டினார். அப்படி ஒரு நடுநிலை இருந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய சாட்சி. உன் கணக்கு எதிராகச் சொன்னால் அதையும் எழுது, சந்தோஷமாக வாசிப்பேன். சூரைக் கூட்டத்துக் குடும்பங்களுக்குள் யார் யாருக்கு நெருக்கம் என்பதும் இதே போல இன்னும் சிக்கலாகத்தான் இருக்கிறது. அங்கே கிளைகளைக் கட்டாயப்படுத்திப் பிரிக்காதே. சேர்ந்தே இருக்கட்டும்.

எனக்கு ஒரு காரியம் செய். உங்கள் தரவில் எருமை நாக்கு இருந்தால், அந்த வரிசையை எந்தக் கடலில் பிடித்த மீனின் தசையிலிருந்து எடுத்தார்கள், அந்த உடல் எந்த அருங்காட்சியகத்தில் எந்த எண்ணில் இருக்கிறது என்று உன் மேற்பார்வையாளரிடம் கேள். உடல் பத்திரமாக இருந்தால், தலையின் புகைப்படம் ஒன்று வாங்கி அனுப்பு. கண் சரியாக எங்கே நிற்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அம்மா உன் குளிர் உடைகளைப் பற்றிக் கேட்கச் சொன்னாள். அதற்கும் பதில் எழுது.

அன்புடன்,
அப்பா