புகார் மனுவின் முதல் தாள்

அன்புள்ள கலைவாணி,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கேயும் எல்லோரும் நலம்.

ஐசிசியில், அதாவது பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில், உன்னை உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஆணை வந்த கையோடு ஆய்வு மாணவி ஒருத்தி, தன் ஆய்வை வழிநடத்தும் கைடு மீது புகாரோடு, உன் அறை வாசலில் வந்து நின்றிருக்கிறாள். அவள் பெயரையும் துறையையும் எழுதாமல் விட்டாயே, அது மிகவும் சரி. 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு கேட்பதும் அதைத்தான். எனக்குக்கூடத் தெரிய வேண்டாம்.

முதலில் உன் நிலையைச் சொல்லிவிடுகிறேன். மனுவை எழுத்தில் கொண்டுவரப் புகார்தாரருக்கு உதவுவது உறுப்பினரின் கடமை என்று 9ஆம் பிரிவே சொல்கிறது. அதனால் நீ உதவலாம், தயங்காதே. ஆனால் நடந்தது முழுவதையும் அவள் உன்னிடம்தான் முதன்முதலில் கொட்டினாள் என்றால் நீ சாட்சி ஆகிவிடுகிறாய். சாட்சியும் விசாரிப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் நாளை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஓட்டையில்தான் கை வைப்பார். அவள் பேச்சு ஏற்கெனவே விரிவாகப் போயிருந்தால், இந்த விசாரணையில் உட்காராமல் விலகிவிடுவதாகத் தலைவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவளுக்குத் துணையாக இரு. இரண்டு பக்கமும் கால் வைக்காதே.

அடுத்து நாள் கணக்கு. எத்தனையோ நல்ல புகார்கள் செத்துப்போவது இங்கேதான். கடைசிச் சம்பவம் நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால், அதை எழுத்தில் பதிவு செய்து குழு இன்னும் 3 மாதம் தரலாம். அதற்கு மேல் இல்லை. மேற்கு வங்கத்தில் ஒரு சட்டப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மீது வந்த புகாரில், கடைசியாக நடந்தது 2023 ஏப்ரல், மனு கொடுத்தது டிசம்பர். இடையில் பொறுப்பிலிருந்து நீக்கியதும் அந்தத் தொல்லையின் தொடர்ச்சிதான் என்று வாதாடினார்கள். அது நிர்வாக நடவடிக்கை, பாலியல் தொல்லையின் தொடர்ச்சி ஆகாது என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகார் காலங்கடந்தது என்றே தீர்ந்தது.

இதில் உன் மாணவிக்கு ஒரு பாடம் இருக்கிறது. மறுத்த பிறகு கைடு அத்தியாயத்தைத் திருத்தாமல் வைத்திருப்பது, ஃபெல்லோஷிப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் இழுப்பது, இதெல்லாம் பழிவாங்கல்தான். ஆனால் அது முன்பு நடந்ததோடு எப்படி முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது என்பதை மனு காட்ட வேண்டும். ‘இன்ன தேதியில் மறுத்தேன், அதற்குப் பிறகு இன்ன தேதியில் இப்படிச் சொன்னார், அன்றிலிருந்து கையெழுத்து நின்றது’ என்ற வரிசை இல்லாவிட்டால், அது வெறும் அலுவலகத் தகராறாகத் தெரியும். தாமதமாகியிருந்தால் அதன் காரணத்தையும் மனுவிலேயே, முதல் பக்கத்திலேயே எழுதச் சொல். கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

மனுவின் வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். குழுவுக்கு வரும் மனுக்களில் பாதி இப்படித்தான் தொடங்கும்: ‘அவர் பல நாட்களாக என்னிடம் தவறான முறையில் நடந்துகொண்டு மன உளைச்சலுக்கு ஆளாக்கினார்.’ இந்த வரியை வைத்துக்கொண்டு குழு எதையும் விசாரிக்க முடியாது. ‘இல்லை’ என்ற ஒரே சொல்லில் எதிர்த்தரப்பும் பதில் எழுதிவிடும். இதே விஷயத்தை இப்படி எழுதிப் பார்: ‘12ஆம் தேதி வியாழக்கிழமை மாலை நாலரை மணி. இரண்டாம் மாடி ஆய்வகத்தில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். கதவைச் சாத்தினார். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று இடது தோளில் கை வைத்தார். நான் கையை எடுத்துவிட்டேன். “அத்தியாயம் முடிய வேண்டாமா?” என்று கேட்டார். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் என் தோழியைப் பார்த்து அப்போதே சொன்னேன்.’ இதில் எட்டுப் பத்து விஷயங்கள் சரிபார்க்கக் கிடைக்கின்றன. ஆய்வகச் சாவிப் பதிவேடு, வராந்தா சிசிடிவி, அன்றைய வருகைப் பதிவு, அந்தத் தோழி. அறைக்குள் வேறு யாரும் இல்லையே என்று பெண்கள் சோர்ந்துபோகிறார்கள். முதலில் கேட்ட ஆள் யார், அப்போது இவள் எப்படி இருந்தாள் என்பதும் சாட்சியம்தான். ஐசிசி விசாரணையில் குற்றவியல் நீதிமன்றம் போல ஐயமற நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும்.

பேசிய கொச்சைச் சொல்லை அப்படியே எழுத வேண்டும். ‘ஆபாசமாகப் பேசினார்’ என்று மழுப்பினால் அவருக்குத்தான் லாபம். அந்தச் சொல்லைத் தாளில் எழுதக் கூசும், எனக்குப் புரிகிறது. தனித்தாளில் எழுதி உறையிலிட்டு இணைக்கலாம். எத்தனை நாள், எத்தனை முறை என்று நினைவில்லாத இடத்தில் ஊகித்துத் தேதி போடவே கூடாது. ‘தீபாவளி விடுமுறைக்கு முந்தைய வாரம், நாள் நினைவில்லை’ என்று எழுதினால் மதிப்புக் குறையாது. தவறான தேதி ஒன்று இருந்தால் சரியான ஒன்பதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அந்தச் சட்டத்தின் 2013 விதிகளின்படி ஆவணங்களோடும் சாட்சிகளின் பெயர் முகவரியோடும் 6 பிரதி தர வேண்டும். ஏழாவதாக ஒன்று அவள் கையில் இருக்கட்டும். அதில் முத்திரையும் தேதியும் உள்வரவு எண்ணும் வாங்காமல் நகரக் கூடாது. தலைவரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன் என்பது கணக்கில் வராது. வாங்க மறுத்தால் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் பதிவுத் தபாலிலும் போடச் சொல்.

வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். நடுவில் வெட்டி ஒட்டாமல் முன்னும் பின்னும் உள்ள உரையாடலோடு எடுக்க வேண்டும். தன் பதில்கள் தனக்கு எதிராகப் போகும் என்று அஞ்சி அவற்றை அழிப்பவர்கள் உண்டு. எதிர்த்தரப்பிடம் அதே உரையாடல் இருக்கும், முழுதாகக் கொண்டுவந்து வைத்துவிடுவார். ‘சரி சார்’, ‘நன்றி சார்’ என்று அவள் பணிவாகப் பதில் போட்டிருந்தால் இருக்கட்டும். கைடு கையில் தன் ஐந்து வருட உழைப்பை வைத்திருப்பவள் வேறு எப்படிப் பதில் போடுவாள்? அதைக் குழுவுக்கு எடுத்துச் சொல்ல உன்னைப் போல ஒருத்தி உள்ளே இருப்பதுதான் தேவை. போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். வழக்கு நீதிமன்றம் போனால் மின்னணுச் சாட்சியத்துக்கு 2023 சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள், மூலக் கருவி இருந்தால் சிக்கல் இல்லை.

யாரிடம் கொடுப்பது என்பதிலும் தடம் மாறிவிடுகிறது. துறைத் தலைவரிடம் வாயால் சொல்வது புகார் ஆகாது. அவர் நல்லவராகவே இருந்தாலும், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பார், மன்னிப்புக் கடிதம் வாங்கித் தருவார், மூன்று மாதம் ஓடிவிடும். சமரசம் என்பது பெண்ணே கேட்டால் மட்டும்தான், அதுவும் பணம் பேசாமல். ஒருமுறை சமரசத்தில் கையெழுத்திட்டால் அதே விஷயத்தில் பிறகு விசாரணை கிடையாது என்பதை 10ஆம் பிரிவு கறாராகச் சொல்கிறது. இதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. குற்றம் சாட்டப்பட்டவர் துணைவேந்தர் என்றால் ஐசிசி வேண்டாம், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுதான் இடம்.

சாதி சொல்லி இழிவுபடுத்தியதும் இதில் கலந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அப்படியானால் தாள் இரண்டாக வேண்டும். ஐசிசி பாலியல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு சாதிப் பகுதியைத் தாண்டிப் போய்விடும், நான் பார்த்த அறிக்கைகளில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2012ஆம் ஆண்டுச் சமத்துவ விதிகள் சமவாய்ப்புப் பிரிவையும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரையும் வைத்தன. மதிப்பெண்ணை நிறுத்துவது, ஆய்வேட்டைத் திருத்தாமல் இழுப்பது, வகுப்பில் சாதியைச் சொல்லிக் கூப்பிடுவது, விடுதியிலும் மெஸ்ஸிலும் பிரித்து உட்காரவைப்பது எல்லாம் அதில் பாகுபாடாக வருகின்றன. அவள் பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ என்றால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உண்டு. சம்மதமின்றிப் பாலியல் நோக்கில் தொடுவதே 3(1)(w) பிரிவில் தனிக் குற்றம். எஃப்ஐஆர் போட முன்விசாரணை தேவையில்லை என்று 18A பிரிவு சொல்கிறது. டிஎஸ்பி தகுதிக்குக் குறையாதவர்தான் புலன்விசாரணை செய்ய வேண்டும். அரசு நிறுவனப் பணியில் மாற்றுத்திறன் காரணமான பாகுபாடு என்றால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி குறைதீர் அலுவலர் 2 வாரத்துக்குள் விசாரித்தாக வேண்டும், அது தனி வழி.

போலீஸுக்குப் போனால் ஐசிசி காத்திருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம். அவள் 18 வயது நிரம்பாதவள் என்றால் கதையே வேறு, போக்ஸோ வந்துவிடும். தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். முதலாண்டு மாணவிகளில் 17 வயதுப் பிள்ளைகள் உண்டு, வயதைக் கேட்க மறக்காதே.

இனி குழு. உங்கள் ஆணையின் நகலைப் பார்த்துவிட்டு எழுது. யுஜிசியின் 2015 பாலியல் தொல்லைத் தடுப்பு விதிகள்படி தலைவர் பேராசிரியர் நிலைக்குக் குறையாத பெண். ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாதவர் இருவர், வெளியமைப்பு உறுப்பினர் ஒருவர், மாணவர் சம்பந்தப்பட்ட விஷயமானால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவர். பாதிப் பேராவது பெண்கள். பதிவாளர், டீன், துறைத் தலைவர் யாரும் உறுப்பினராக இருக்கக் கூடாது. இந்த ஒன்றில் சறுக்கினால் எல்லா உழைப்பும் வீண்.

வேகமும் ஆபத்துதான். கோவா பல்கலைக்கழகத்தில் 2009ல் மாணவிகள் கொடுத்த புகாரை அங்குள்ள குழு அவசர அவசரமாக விசாரித்து முடித்தது, எதிர்த்தரப்புக்குத் தயாராக நேரம் தரவில்லை. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொன்னது. 14 வருடம்! அந்த மாணவிகளை நினைத்துப் பார். எதிர்த்தரப்புக்கு நியாயமான நேரம் கொடுப்பது புகார்தாரரைக் காப்பாற்றும் வேலை என்று உங்கள் தலைவரிடம் சொல். 7 நாளில் நகல் போகட்டும், 10 நாளில் பதில் வரட்டும், 90 நாளில் விசாரணை முடியட்டும். ஒத்திவைப்பு கேட்டால் காரணத்தை எழுதி வாங்கிப் பதிவு செய்யுங்கள். அதற்காக அவளை அவர் எதிரே உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ராஞ்சி ராஜேந்திரா மருத்துவக் கல்லூரி வழக்கிலேயே, மாணவிகளின் வாக்குமூலத்தை மாணவர்கள் இல்லாத இடத்தில் பதிவு செய்தது செல்லும் என்று 1973ல் தீர்ப்பு வந்துவிட்டது. கேள்விகளை எழுத்தில் வாங்கிக் குழுவே கேட்கலாம்.

இடைக்கால நிவாரணத்தைத் தனி மனுவாக எழுதச் சொல், புகார் மனுவின் கடைசி வரியில் செருகினால் யாரும் படிப்பதில்லை. அவர் இவளுடைய வேலையையோ தேர்வையோ மதிப்பிடக் கூடாது என்று உத்தரவிடக் குழு பரிந்துரைக்கலாம். 3 மாதம் வரை சலுகை குறையாத விடுப்பும் உண்டு. ஆய்வு மாணவிக்கு முதலாவதுதான் உயிர். மாற்று கைடாக வருபவர் அவருடைய நெருங்கிய சிநேகிதராக இருந்தால் மாற்றியும் பயனில்லை.

நிரூபிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் என்று தன் மீதே நடவடிக்கை வருமோ என்று அவள் பயப்படுவதாக எழுதியிருந்தாய். போதிய ஆதாரம் இல்லை என்பதற்காகவே நடவடிக்கை எடுக்கத் தேவையில்லை என்று 14ஆம் பிரிவு விளக்கமாகவே சொல்லியிருக்கிறது. அந்தப் பிரிவை அச்செடுத்து அவள் கையில் கொடு.

அறிக்கை எதிராக வந்தால் மேல்முறையீட்டுக்குச் சட்டம் 90 நாள் தருகிறது, யுஜிசி விதி 30 நாள்தான். 30ஐயே கடைசியாக எண்ணிக்கொள்ளட்டும்.

திங்கட்கிழமை காலையில் ஒரு வேலை மட்டும் தவறாமல் நடக்க வேண்டும். அந்த வராந்தாவின் சிசிடிவி பதிவை அழியாமல் எடுத்துவைக்கச் சொல்லி, தேதியும் நேரமும் கேமரா இருக்கும் இடமும் குறித்து, ஐசிசி தலைவர் பெயரில் பதிவாளருக்குக் கடிதம் போக வேண்டும். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், யாரும் வேண்டுமென்று அழிக்க வேண்டியதே இல்லை. ஒப்புகை வாங்கியதும் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
சாந்தி