மணி பொறுக்கித் தந்த அக்காவுக்கு நன்றி
2024 மார்ச் 9. டெய்லர் ஸ்விஃப்ட் சிங்கப்பூரில் பாடிய ஆறு இரவுகளில் கடைசி இரவு. ஸ்டேடியம் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் என் மகளின் மணி வளையல் அறுந்து, மணியெல்லாம் உருண்டோடிவிட்டது. பிள்ளை அழுதுவிட்டாள். அந்த நெரிசலில் நீங்கள் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கைப்பையிலிருந்த நூலில் கோத்து, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டீர்கள். "அழாதம்மா, உள்ளே போய்ச் சத்தமாப் பாடணும்ல?" என்றீர்கள்.

அவள் தொண்டை கட்டும்வரை பாடினாள், அக்கா. மூன்று மணி நேரத்துக்கு மேல் மேடையில் நின்ற அந்தப் பாடகி, 2023இல் தன் லாரி ஓட்டுநர்களுக்குத் தலா 1,00,000 அமெரிக்க டாலர் கொடுத்தார் என்று படித்ததிலிருந்தே எனக்கு அவர்மேல் தனி மரியாதை. பாட்டும் எழுதுவார், மனசும் உண்டு.

வளையல் இன்னும் அவள் மேசை விளக்கில் தொங்குகிறது. உங்கள் முடிச்சு அவிழவே இல்லை. ரொம்ப நன்றி, அக்கா.