தனித் தட்டும் மூடிய ஜன்னலும்

ரங்கூன்

அன்புள்ள வேலு,

உன் முழங்கால் வலி குறைந்தது என்று படித்ததும் நிம்மதி. எனக்கு உடம்பு நலம், வாய்தான் ஓயவில்லை.

மூன்றாம் மாடிப் பாக்கியத்தின் மகனுக்குக் காசநோய். வெகுநாளாக இருமினான், சளிப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. அன்றே அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். டம்ளரை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவும் வைக்கிறார்கள். ஆனால் சாரல் அடிக்கிறது என்று முன் ஜன்னலையும், கொசு வருகிறது என்று பின்கதவையும் சாத்திவிட்டு, அதே அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள்! சிரிப்பதா அழுவதா?

இது தட்டில் ஒட்டி வருகிற நோயா, வேலு? இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் துளிகளில் பெரியவை கீழே விழுந்துவிடும். நுண்ணியவை காய்ந்து, கிருமியோடு மணிக்கணக்கில் மிதக்கும். மூடிய அறையில் சுருட்டுப் புகை தங்குவது போலத்தான். என்ன, இது கண்ணுக்குத் தெரியாது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில், காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாகக் கினிப் பன்றிகளின் கூண்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நோயாளியின் அருகிலேயே போகாத அந்தப் பிராணிகளுக்கு நோய் வந்தது. கிருமியைக் கொல்லும் புற ஊதாக் கதிர் பட்ட காற்றைச் சுவாசித்தவற்றுக்கு வரவில்லை.

நம் ஊர் மாடி வீடுகள் உனக்குத் தெரியாததா? நீளவாக்கில் ஒடுங்கியவை, பக்கச் சுவரில் ஜன்னலே கிடையாது. முன்னும் பின்னும் திறந்தால்தான் காற்று ஊடுருவும். போய்ச் சொன்னேன். பாக்கியம் முகத்தைச் சுளித்தாள். பையன்தான் முகக்கவசத்தோடு எழுந்துவந்து பின்கதவைத் திறந்தான்.

ஆறு மாத மாத்திரை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு இரண்டு. ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றுவது வெகுவாகக் குறைந்துவிடும். உடம்பு தேறியதும் நடுவில் நிறுத்துவதுதான் நம்மவர்களின் வழக்கம்; கிருமி மருந்துக்கு மசியாமல் போவது அப்படித்தான். அவன் அக்காள் குழந்தைக்கு மூன்று வயது. அந்தக் குழந்தையையும் பரிசோதித்துத் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும். "பி.சி.ஜி. தடுப்பூசி போட்டிருக்கிறதே" என்கிறாள் பாக்கியம். அது சிறு குழந்தைகளை மூளையைத் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து பெரும்பாலும் காக்கும். நுரையீரலில் வருவதை முழுக்கத் தடுக்காது.

மோல்மேனில் உன் பேரனுக்குத் தட்டம்மையின் இரண்டாவது ஊசி போட்டாயிற்றா? அது இதைவிட வேகமாகப் பரவும். நோயாளி எழுந்து போன அறையிலும் இரண்டு மணி நேரம் வரை கிருமி இருக்கும். மருமகளிடம் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
முத்து