மருந்துச் சீட்டில் நடையையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

மழையும் பனியுமான மாதங்களில் அரசு மருத்துவமனைகளின் நெபுலைசர் (மருந்தைப் புகைபோல மூச்சில் ஏற்றும் கருவி) அறைகளில் இடம் கிடைப்பதில்லை. பீடி, சிகரெட் குடித்தவர்கள் மட்டுமல்ல. காலமெல்லாம் விறகடுப்பு ஊதிய பெண்களும், காசநோய் குணமாகியும் நுரையீரல் தழும்பேறிப்போனவர்களும் அங்கே வருகிறார்கள். திணறல் அடங்கியதும் இன்ஹேலரைக் கொடுத்து, "அலையாம ரெஸ்ட்ல இருங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். இன்ஹேலர் சரி. ரெஸ்ட்தான் கெடுதல்.

இளைப்புக்குப் பயந்து உட்கார்ந்துவிட்டவருக்குத் தொடைத் தசை கரைகிறது. கரைந்த தசை சிறு வேலைக்கே லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துக்கொள்ளும். அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிகமாக மூச்சு வாங்கும். பழுதான நுரையீரல் நடைப் பயிற்சியால் புதிதாகாது, ஊதிப் பார்க்கும் சோதனையின் எண்ணும் பெரிதாக மாறாது. தேறுவது கால்கள், அதனால் அதே நுரையீரலோடு கூடுதல் தூரம் போக முடிகிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கு இத்தகைய பயிற்சி தந்து நடந்த 65 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் அறிக்கையாக வெளியிட்டபோது, பலன் உறுதியாகிவிட்டதால் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டு இனியும் ஆய்வு நடத்தத் தேவையில்லை என்றே அதன் பதிப்பாசிரியர்கள் எழுதினார்கள்.

'எங்களிடம் டிரெட்மில் இல்லை' என்பது சாக்கு. 30 மீட்டர் நீளமான சமதள வராந்தா, இரண்டு முனையிலும் ஓர் அடையாளம், ஸ்டாப்வாட்ச், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர், ஒரு நாற்காலி போதும். ஆறு நிமிடத்தில் நோயாளி எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்க வேண்டும். மூச்சு வாங்கினால் நிற்கலாம். கடிகாரத்தை மட்டும் நிறுத்தக் கூடாது. ஊழியர் பக்கத்திலேயே நடந்தால் நோயாளி அவர் வேகத்துக்கு இழுபடுவார். 15 மீட்டர் வராந்தாவில் அளந்தால் திரும்பும் தடவைகள் இரட்டிப்பாகி, தூரம் குறைத்துக் காட்டும். நகப்பூச்சு இட்ட விரலிலும் சில்லிட்ட விரலிலும் ஆக்சிமீட்டரை நம்பக் கூடாது. கடந்த ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவருக்கும், ஓய்விலேயே நெஞ்சுவலி வருபவருக்கும் இந்தச் சோதனை வேண்டாம்.

அந்தத் தூரத்திலிருந்தே பயிற்சியின் அளவு கிடைத்துவிடும். ஒருவர் 300 மீட்டர் நடந்தால் நிமிடத்துக்கு 50 மீட்டர். அதில் 80 சதவீதம், அதாவது 40 மீட்டர் வேகத்தில் தொடங்கலாம். 10 நிமிடத்துக்கு 400 மீட்டர், அதே வராந்தாவில் 13 நடைக்குச் சற்று மேல். வாரம் மூன்று நாள், குறைந்தது எட்டு வாரம்; நேரத்தை மெல்ல 30 நிமிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தொடர்ந்து நடக்க முடியாதவர் 30 வினாடி நடந்து 30 வினாடி நிற்கலாம். நோயாளியே சொல்லும் இளைப்பு, 0 (இளைப்பே இல்லை) முதல் 10 (தாங்க முடியாத இளைப்பு) வரையிலான அளவுகோலில் 4க்கும் 6க்கும் இடையில் இருக்கட்டும். 'இளைப்பே தெரியல' என்றால் அது பயிற்சி இல்லை, உலாவல். ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். நடக்கும்போது ஆக்சிஜன் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

நடை மட்டும் போதாது. கணுக்காலில் ஒரு கிலோ மணல் பையைக் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி மடக்கச் சொல்லலாம், 8 முதல் 12 தடவை. அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளில் 12 தடவையும் சுலபமாக வந்தால் அரைக் கிலோ கூட்டலாம். இங்கே பலரும் செய்யும் தப்பு, தூக்கும்போது மூச்சை அடக்குவது. உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். உள்ளே இழுக்க இரண்டு எண்ணிக்கை, வெளியே விட நான்கு. மூச்சை முழுக்க விடாமல் அவசரமாக அடுத்ததை இழுப்பதால்தான் நெஞ்சில் காற்று தேங்கித் திணறுகிறது. மாடிப்படியிலும் இதே கணக்குத்தான். திணறலுக்கான இன்ஹேலரை மருத்துவர் எழுதியிருந்தால், பயிற்சிக்குக் கால் மணி நேரம் முன்பே எடுத்துக்கொள்வது நல்லது. வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு வரக் கூடாது.

எட்டு வாரத்தோடு விட்டுவிட்டால் பலன் ஓராண்டுக்குள் கரையத் தொடங்கும். ஆகவே இது வீட்டிலும் தொடர வேண்டும். அதற்குப் புதுத் திட்டம் தேவையில்லை. 2021இல் தொடங்கிய, தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வழியாக இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே வீடுகளுக்குப் போகிறார்கள். பக்கவாதக்காரர்களோடு மூச்சிரைப்பு நோயாளிகளையும் அவர்கள் பட்டியலில் சேர்க்கலாம். காசநோய் சிகிச்சை முடிந்தவர்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு ஆண்டுகள் அழைத்துப் பார்க்க வேண்டும் என்பது தேசிய வழிகாட்டுதல். சளிப் பரிசோதனைக்கு வரும் அதே நாளில் அவர்களை ஆறு நிமிடம் நடக்கவைத்து, தூரத்தை அட்டையில் குறித்துத் தரச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
நுரையீரல் நோயாளிகளுக்குப் பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவர்கள்,
மதுரை